நெட் படுத்தாலும் எஸ்எம்எஸ் போகும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

மஞ்சூர்க்காரர்:
நீலகிரியில் எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டேட்டா சுத்தமாகப் படுத்துவிடும். சிக்னல் மட்டும் ஒரு கோடு வரும், போகும். அந்த நேரத்தில் கோவையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால் கடிகாரச் சின்னம் மாறவே மாறாது. "நல்லா இருக்கோம். ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு, கிளம்பாதே" என்று எஸ்எம்எஸ் தட்டினால் போய்விடுகிறது.

எஸ்எம்எஸ்ஸுக்கு நெட்டே வேண்டாம், 2ஜி சிக்னல் போதும். அங்கே அவள் ஃபோன் அணைந்திருந்தாலும் செய்தி சிம் கம்பெனியின் எஸ்எம்எஸ் மையத்தில் காத்திருந்து, ஃபோனைப் போட்டதும் வந்து விழும். மலையில் இருப்பவர்கள் டேட்டா பேக்கை மட்டும் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அதில் எஸ்எம்எஸ் சேராது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்:
உண்மைதான் ஐயா. எங்கள் சங்கத்தில் பட்டன் ஃபோன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இன்றும் எஸ்எம்எஸ்தான். ஆனால் தமிழுக்கு அதில் இடம் கொஞ்சம். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தி. தமிழில் 70 குறிகள். புள்ளியும் கால் கொம்பும் தனித்தனிக் கணக்கு. "கூட்டம்" நமக்கு 4 எழுத்து, ஃபோனுக்கு 7. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்திக்கும் வரம்பு 70 ஆகிவிடும். நீளம் கூடினால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் காசு. நம் மொழியில் எழுதுவதற்கு இப்படி அதிகம் கொடுக்க வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை இல்லை.

தோஹா நர்ஸ்:
எனக்கு வாட்ஸ்அப் இல்லாமல் முடியாதுங்க. அம்மாவுக்குப் படிக்க வராது. ட்யூட்டி முடிந்ததும் குரல் பதிவு அனுப்புவேன், அவரும் பேசி அனுப்புவார். வைஃபை இருந்தால் தனியாகச் செலவில்லை. இங்கிருந்து எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். ஆனாலும் ஊர் சிம்மை விடவில்லை, ரீசார்ஜ் செய்துகொண்டே வருகிறேன். வங்கி ஓடிபி அதில்தான் வருகிறது. ரொம்ப நாள் சும்மா விட்டால் நம்பர் வேறு யார் கைக்காவது போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் எல்லாரும் இதைக் கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
தங்கச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாட்ஸ்அப் செய்தி 2016 முதல், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி, இரு முனைக்கும் இடையே பூட்டியே போகிறது. எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தப் பூட்டு கிடையாது. கார்டு எண், பின் நம்பர் எதையும் எஸ்எம்எஸ்ஸில் எழுதாதீர்கள். அதற்காக வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் நம்பகமானதும் அல்ல. பூட்டு செய்தியைக் காக்கும், அனுப்பியவன் யோக்கியனா என்று சொல்லாது. வங்கி எஸ்எம்எஸ் பதிவு செய்த பெயரிலிருந்து வரும். சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து வங்கி லோகோவோடு வந்தால், எந்த வழியில் வந்தாலும் தொடாதீர்கள்.

ஃபோன் கடைக்காரர்:
கடையில் பலர் குழம்புவது வேறு இடத்தில். ஆண்ட்ராய்டில் மெசேஜஸ் ஆப்பைத் திறந்தாலே எஸ்எம்எஸ்தான் என்று நினைக்கிறார்கள். இருவர் ஃபோனிலும் ஆர்சிஎஸ் என்ற புதுவகைச் செய்தி வசதி இருந்தால் அதுவும் நெட் வழியாகத்தான் போகும். எழுதும் கட்டத்தில் ஆர்சிஎஸ் என்று மங்கலாகத் தெரியும், பாருங்கள். மஞ்சூர் அண்ணே, மழைக்கு முன்னால் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் நேராக எஸ்எம்எஸ்ஸாகவே போகும்.