கல்பாலத்தில் ஓடியது முழங்கால் தண்ணீரா?

யானைக்கல்வாசி:
நேற்று இங்கே அன்பர் செல்லூரான், "கல்பாலத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒருவரை இழுத்து வந்த காவலருக்குப் பாராட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது, அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்" என்று எழுதியிருந்தார். சம்பளக் கணக்கு கிடக்கட்டும். முழங்கால் என்று எதை வைத்து அளந்தார்? மதுரையில் வைகைக்குக் குறுக்கே உள்ள தரைப்பாலமான கல்பாலம், என் வீட்டு மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். தடுப்பைத் தாண்டி இருசக்கர வண்டியோடு இறங்கியவர் நடுவழியில் சரிந்ததையும், அந்தக் காவலர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தொப்பியை மட்டும் தடுப்பின்மேல் வைத்துவிட்டு இறங்கியதையும் நான் கண்ணால் கண்டேன். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேல் ஓடியது.

செல்லூரான்:
ஐயா மாடியிலிருந்து பார்த்தார். நான் வடகரையில் நின்று பார்த்தேன். முழங்கால்தான். வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று ஊரெல்லாம் அறிவிக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு ஒருவர் வண்டியோடு ஆற்றுக்குள் போகிறார் என்றால், தடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர் எதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்?

ஏட்டு மகள்:
என் தந்தை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆற்றுக்கரைப் பணிக்குப் போய் வந்தவர். கையில் லத்தி இருக்கும், விசில் இருக்கும். மிதவைச் சட்டை இருக்காது. இரவு வீடு திரும்பியதும் சேறு ஏறிய காலுறையைப் பிழிந்து கிணற்றடியில் காயப்போடுவார், அவ்வளவுதான் அவர் சொன்ன கதை. 2021 நவம்பர் மழையில் ஆய்வாளர் ராஜேஸ்வரி, சென்னைக் கல்லறை ஒன்றில் மயங்கிக் கிடந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாரே, அங்கே எத்தனை அடி தண்ணீர் என்று யாரேனும் அளவுகோல் கொண்டுபோனார்களா?

சட்டம் படித்தவன்:
நீங்கள் அனைவரும் தவறான கேள்வியைக் கேட்கிறீர்கள். உயிர் காத்தவர்களுக்கு மத்திய அரசு தருவதற்காக 1961இல் ஏற்பட்ட ஜீவன் ரக்ஷா பதக்க வரிசை, காவல்துறையினருக்கு என்று வரும்போது, பணி நிமித்தம் அல்லாமல் செய்த உயிர்காப்புக்கே உரியது. தடுப்பருகே பணியில் நின்றவர் அதற்குத் தகுதி பெறமாட்டார்; மாநில அரசு குடியரசு நாளில் தரும் அண்ணா பதக்கத்துக்கு வேண்டுமானால் பரிந்துரைக்கலாம். ஆகவே, பணியில் இருந்தாரா என்பதே கேள்வி. அதிலும் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவலர் எப்போதும் பணியில் இருப்பவரே என்கிறது.

ஏட்டு மகள்:
தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1859ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டம் என்பதைச் சட்டம் படித்தவர் மறந்துவிட்டாரா, படிக்கவேயில்லையா?

யானைக்கல்வாசி:
பதக்கம் எந்த வரிசையில் வந்தாலும் வரட்டும். முழங்கால் என்று எழுதியதைச் செல்லூரான் திரும்பப் பெற வேண்டும். கல்பாலத்தின் கண்களை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால், கீழே போக வேண்டிய நீர் முழுவதும் மேலே ஏறிப் பாயும். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் ஆளைப் பாலத்தின் மறுபுறத்துச் சரிவில் தள்ளிவிடும். அந்த இழுப்பில் முழங்கால் நீரே ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் ஓடியது முழங்கால் நீர் அன்று, இடுப்புக்கு மேல்.

செல்லூரான்:
முழங்கால் நீரே ஆளைச் சாய்க்கும் என்று ஐயாவே எழுதிவிட்டார். நான் சொன்னதும் முழங்கால்தான்.

விளக்குத்தூண் வியாபாரி:
காவலருக்கு மட்டும்தானா பாராட்டு? 2020 தீபாவளியன்று அதிகாலையில் எங்கள் பகுதி ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போய், கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்களைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரிகூட எழுதக் காணோம்.

யானைக்கல்வாசி:
அவர்களை வணங்குகிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு தண்ணீரைப் பற்றியது. செல்லூரானுக்கு என்மேல் கோபம் ஏன் என்பது எனக்குத் தெரியும். சென்ற சித்திரையில் அழகர் எந்த நிறப் பட்டுடுத்தி ஆற்றில் இறங்கினார் என்ற வாதத்தில் என்னிடம் தோற்றவர், அந்தக் கடுப்பை இப்போது ஒரு காவலர்மேல் தீர்த்துக்கொள்கிறார்.

செல்லூரான்:
நான் தோற்கவில்லை, தாங்கள் பதில் சொல்லாமல் உறங்கப் போனீர்கள். ஆற்றுத் திருவிழாவை இழுத்தது நல்லதாயிற்று. 2022இல் அதே வைகையில் அதே அழகரைக் காண வந்த கூட்ட நெரிசலில் இருவர் இறந்தார்களே, அன்று காவலுக்கு நின்றவர்கள் எத்தனை பேர்?

ஏட்டு மகள்:
அன்று நெரிசலில் சிக்கியவர்களை மேலே தூக்கிவிட்ட கைகளில் காக்கிச் சட்டைக் கைகளும் இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தீர்களா? குறை சொல்ல மட்டும் உங்களுக்குக் காவலர் வேண்டும்.

யானைக்கல்வாசி:
மீண்டும் திசை மாறுகிறது. நம் பக்கத்துக் கரைச்சுவரில் சேறு படிந்த கோடு இன்னும் அழியவில்லை. செல்லூரான் பாலம் தாண்டி வந்து அதன் அருகில் நின்று பார்க்கட்டும். எனக்கு அது மார்பளவு வருகிறது, நான் குள்ளனும் அல்லன்.

செல்லூரான்:
அந்தக் கோடு இரவு ஏறிய வெள்ளத்தினுடையது. அவர் இறங்கியது மாலையில். மாலையில் முழங்கால்தான்.