மேக்னம் தோட்டாவுக்கு ‘வன்தோட்டா’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘பிக்போர் மேக்னம்’ (அகலமான குழலில் சுடும், வலு கூடிய துப்பாக்கித் தோட்டா) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக ஐயா ஒருவர் ‘பெருங்குண்டு’ என்று முன்வைத்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை.

குண்டு என்பது பறந்து போவது. கடலூர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே வராது. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. தோட்டா வேறு. குண்டும் வெடிமருந்தும் அடங்கிய பித்தளைக் கூடு அது. என்.சி.சி. முகாமில் சுட்டு முடித்ததும் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுப்போம். விரல் நுனியளவு, கரி வாசனையோடு இருக்கும். காலித் தோட்டா என்போமே தவிர யாரும் குண்டு என்றதில்லை.

‘பெரும்’ என்பதிலும் சிக்கல். மேக்னம் குண்டின் பருமனைச் சொல்வதில்லை. பெயர் ஒயின் புட்டியிலிருந்து வந்தது. புதுச்சேரி நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். சாதாரணப் புட்டி 750 மில்லி, மேக்னம் ஒன்றரை லிட்டர். சரக்கு அதேதான், அளவுதான் கூட. 1955இல் வந்த .44 மேக்னமும் (எண் குறிப்பது குண்டின் விட்டம், தோராயமாக அங்குலத்தில்) அப்படியே. குண்டின் விட்டம் பழைய .44 ஸ்பெஷலுடையதுதான்; கூட்டை மட்டும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள். மேக்னம் வெடிக்கும்போது எழும் கூடுதல் அழுத்தத்தைப் பழைய துப்பாக்கி தாங்காது, அதில் நுழையவே கூடாது என்பதற்காக.

ஆகவே மேக்னத்துக்கு ‘வன்தோட்டா’ என்பேன். இலக்கணப்படி வன்றோட்டா என்று புணரும், ஆனால் படிக்கிறவர் தடுமாறுவார், புணர்க்காமலே எழுதலாம். பிக்போருக்கு ‘அகல்குழல்’. ‘பெருந்துளை’ என்றால் குண்டு பாய்ந்த ஓட்டை என்று நினைத்துவிடுவார்கள்.

இப்போது பொருத்திப் பாருங்கள். .357 மேக்னம் வன்தோட்டா, ஆனால் அகல்குழல் இல்லை. .45 கோல்ட் (Colt) என்ற பழைய தோட்டா அகல்குழல், வன்தோட்டா இல்லை. அமெரிக்காவில் கரடி வேட்டைக்கு எடுத்துப்போகும் .44 மேக்னமும், 2003இல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த அரை அங்குல .500 மேக்னமும் இரண்டும் சேர்ந்தவை: அகல்குழல் வன்தோட்டா. ‘பெருங்குண்டு’ என்ற ஒரே சொல்லில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

அப்புறம், சுழல்துப்பாக்கியின் (ரிவால்வர்) உருளையில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் சொல் வேண்டும். .500இன் கூடு பருமன் என்பதால் ஐந்துதான் கொள்கிறது. ‘தோட்டாக்குழி’ போதுமா? ‘அறை’ என்று ஏற்கெனவே எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.