செப்டம்பரில் பெலீஸ் லிவ்அபோர்டு: சூறாவளி சீசனுக்கு எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

கலா_திருவான்மியூர்:

எல்லோருக்கும் வணக்கம். என் கொழுந்தனார் ஹூஸ்டனில் இருக்கிறார். செப்டம்பர் கடைசி வாரம் மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸில் ஏழு இரவு படகிலேயே தங்கி டைவ் செய்யும் லிவ்அபோர்டு ஒன்றில் நான்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார். டர்னெஃப், லைட்ஹவுஸ் ரீஃப் பவளத்திட்டுகள், ப்ளூ ஹோல் என்ற கடல் குழி எல்லாம் உண்டு. விலையை நன்றாகவே குறைத்திருக்கிறார்கள். ஏன் குறைத்தார்கள் என்றும் தெரியும், அட்லாண்டிக்கில் அது சூறாவளி சீசன். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும், கட்டினால் திரும்ப வராது.

நானும் கணவரும் பாண்டிச்சேரியில் டைவிங் கற்று அந்தமானில் அட்வான்ஸ்டு கோர்ஸ் முடித்தவர்கள். படகில் தங்கியது இல்லை. வழக்கமாக பாலிசி போடும் அடையாறு ஏஜெண்டிடம் கேட்டேன். "எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்றார். ஸ்கூபா என்ற வார்த்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, பாராசெயிலிங் படம் போட்ட ஒரு விளம்பரத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

புயல் வந்து படகே கிளம்பவில்லை என்றால் பணம் யார் தருவார்கள்? பாதியில் திரும்பினால்? கணவர் பிபி மாத்திரை சாப்பிடுகிறார், அதைச் சொல்ல வேண்டுமா? அந்த மாதத்தில் போவதே பைத்தியக்காரத்தனமா? "புரட்டாசியில் கவுச்சி சமைக்கிற படகில் ஏழு நாளா" என்று மாமியார் கேட்கிறார். அதற்கு மட்டும் இங்கே பதில் எதிர்பார்க்கவில்லை.

ஈசிஆர்_நீச்சல்காரன்:

முதலில் உடம்புக்கான இன்சூரன்ஸைத் தனியாக எடுத்து விடுங்கள் கலா. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், நாம் எல்லோரும் டான் என்று சொல்வது, 1980-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. டைவிங் விபத்துக்கென்றே அவர்களிடம் பாலிசி இருக்கிறது. டிகம்ப்ரெஷன் நோய் (மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாவது) வந்தால் சேம்பர் எனும் அழுத்த அறையில் சிகிச்சை, அங்கிருந்து வெளியே கொண்டுபோகும் செலவு, இவைதான் அதில் முக்கியம். இந்தியாவில் வசிப்பவருக்கு அவர்களின் எந்தப் பிரிவு பாலிசி தரும் என்று மெயில் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டைவிங் விபத்து பாலிசி என்பது புயலால் போன படகுப் பணத்தைத் திருப்பித் தருவது அல்ல. இந்த இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், அதே நோய் வராமல் இருக்க, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது டான் வழிகாட்டுதல். புயல் சீசனில்தான் இது உதைக்கும். காலையில் டைவ் முடித்து ஏறுகிறீர்கள், கேப்டன் "திரும்புகிறோம்" என்கிறார், படகில் இருக்கும் அத்தனை பேரும் அன்று இரவு விமானத்துக்கு போனைத் தட்ட ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் வாட்சைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

பாரிமுனை_சர்வேயர்:

நான் டைவர் இல்லை. மரைன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன், கப்பலில் ஏறியதெல்லாம் சேதம் பார்க்கத்தான். அதனால் பாலிசிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன் அம்மா.

விளம்பரத் தாளை அழித்து விடுங்கள். பாலிசி வேர்டிங்ஸ் என்று முழு ஆவணம் இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனியின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் எக்ஸ்க்ளூஷன், அதாவது எதற்கெல்லாம் தரமாட்டோம் என்ற பகுதியை முதலில் படியுங்கள். என்னென்ன தருவோம் என்று அவர்கள் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தேதிதான் எல்லாவற்றுக்கும் முதல். சுழலின் காற்று மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால் அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் அதற்குப் பெயர் வைக்கும். பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குப் பெரும்பாலும் செல்லாது, தெரிந்தே வாங்கினீர்கள் என்று சொல்லி விடுவார்கள். "கடைசி வாரம் வரை வானிலை பார்த்துவிட்டு எடுக்கலாம்" என்று உங்கள் வீட்டில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முன்பணம் கட்டிய கையோடு பாலிசியும் போட வேண்டும்.

அடுத்தது, நீங்கள் கேட்காதது, ஆனால் பெரும்பாலும் நடக்கப் போவது. படகு ரத்தாவது அபூர்வம். புயல் வருகிறது என்றால் கேப்டன் வழியை மாற்றுவார், தூரத்து லைட்ஹவுஸ் ரீஃபை விட்டுவிட்டுக் கரையோரமாகவே சுற்றுவார், அல்லது இரண்டு நாள் துறைமுகத்தில் கட்டிப் போடுவார். டைவ் பாதிக்குப் பாதி போய்விடும், ப்ளூ ஹோலும் இல்லை. ஆனால் பயணம் "நடந்தது". கையொப்பம் போடும் படகு ஒப்பந்தத்தில், பாதுகாப்புக்காகப் பாதையை மாற்ற கேப்டனுக்கு முழு உரிமை உண்டு, அதற்குப் பணம் திரும்பாது என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். பயணம் ரத்தானால் தருகிறோம் என்று சொல்லும் இன்சூரன்ஸ், ரத்தாகாத பயணத்துக்கு எதைத் தரும்? இந்த நஷ்டத்தை மனதளவில் ஏற்றுக்கொண்டுதான் குறைந்த விலையில் போக வேண்டும். விலையைக் குறைத்ததே அதற்காகத்தான்.

ப்ளூ ஹோல் என்றதால் இன்னொன்று. நம் ஊர் பயண பாலிசிகளில் பலவற்றில் ஸ்கூபா சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும், கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்ப்பார்கள். சேர்த்தாலும் ஆழத்துக்கு வரம்பு போடுவது உண்டு, 30 மீட்டர் என்பது நான் பார்த்த ஒன்று. ப்ளூ ஹோலில் தொங்கும் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்க ஏறக்குறைய 40 மீட்டர் இறக்குவார்கள் என்று மகன் சொல்கிறான் (அவன் போயிருக்கிறான், எங்களுக்குத் தெரிந்தது படங்கள் வந்த பிறகு). அட்வான்ஸ்டு சான்றிதழும் 30 மீட்டருக்குத்தானே? அப்படியானால் அந்த ஒரு டைவில் சான்றிதழையும் தாண்டுகிறீர்கள், பாலிசியையும் தாண்டுகிறீர்கள். இறங்குவது உங்கள் இஷ்டம். அந்த டைவுக்கு எந்த பாலிசி பேசும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பிபி மாத்திரையை எழுதுங்கள். ஒளிக்க வேண்டாம். காது வலிக்கு க்ளெய்ம் போட்டால்கூட மருத்துவரின் பழைய சீட்டை எடுத்துவரச் சொல்வார்கள்.

டெக்சாஸ்_தம்பி:

கலா அக்கா, ஹூஸ்டன் வழி என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெலீஸில் வெயில் அடிக்கும்போது இங்கே புயல் அடிக்கலாம். 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்தபோது ஹூஸ்டன் விமான நிலையங்கள் நாள் கணக்கில் மூடிக் கிடந்தன. 2024 ஜூலையில் பெரில் நேராக எங்கள் தலைக்கு மேலேயே போனது. சென்னை-ஹூஸ்டன் ஒரு டிக்கெட், ஹூஸ்டன்-பெலீஸ் தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமான நிறுவனம் பொறுப்பேற்காது. படகும் காத்திருக்காது. எப்படியும் கொழுந்தனார் வீடுதானே, நான்கைந்து நாள் முன்பே வந்து விடுங்கள்.

இங்கே "எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம்" என்று ஒரு கூடுதல் கவர் விற்கிறார்கள். வானிலை அறிக்கையைப் பார்த்துப் பயந்து நாமே வேண்டாம் என்றாலும் பணம் வரும், ஆனால் 50 முதல் 75 சதவீதம் வரைதான். முதல் பணம் கட்டியதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும், ரத்து செய்வதும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பாவது இருக்க வேண்டும். இது பொதுவாக அமெரிக்காவில் வசிப்பவருக்கானது. உங்கள் கொழுந்தனாரும் ஓரகத்தியும் எடுக்கலாம். உங்கள் இருவருக்கும் சென்னையில் கிளம்பும் முன் எடுக்கும் பாலிசிதான், இங்கே வந்து இறங்கிய பிறகு தேடாதீர்கள்.

ஆகவே ஒன்றைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். அவர்கள் பயந்து ரத்து செய்தால் அவர்களுக்குப் பாதி முதல் முக்கால்வாசி வரை பணம் வரும், உங்களுக்கு ஒன்றும் வராது. அப்போது யார் மூஞ்சியை யார் பார்ப்பது?

கலா_திருவான்மியூர்:

தம்பி, கடைசி வரியைக் கணவரிடம் காட்டினேன். சத்தமே இல்லை. பெரியவருக்கும் நன்றி, முப்பது மீட்டர் வரி எங்கள் பாலிசியிலும் இருக்கிறது, 11-ஆம் பக்கத்தில்.

பேசாமல் டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளி வைத்தால் என்ன? அங்கே சீசன் நவம்பர் 30-ஓடு முடிகிறதாமே.

பாரிமுனை_சர்வேயர்:

அங்கே முடியும், இங்கே ஆரம்பித்திருக்கும். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் அன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தண்ணீரில் நின்றது, விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், மறுபடியும் மூடினார்கள். 2015 டிசம்பரைச் சொல்லவே வேண்டாம், நீங்கள் திருவான்மியூர். டிசம்பர் போவதானால் இந்த முனையில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள், பாலிசியில் விமானத் தாமதத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்துப் பணம் ஆரம்பிக்கிறது என்றும் பாருங்கள். நம் புயலுக்கும் அதே பெயர் விதிதான்.

செப்டம்பரிலேயே போவதானால் படகு நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். இதை நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. 2001 அக்டோபர் 8, ஐரிஸ் சூறாவளி. அதே பெலீஸில் வேவ் டான்சர் என்ற டைவ் படகு புயலுக்குப் பயந்து பிக் க்ரீக் துறைமுகத்தில் ஒதுங்கிக் கட்டியிருந்தது. நடுக்கடலில் இல்லை, கரையில் கயிறு போட்டு. பயணிகள் படகுக்குள்ளேயே இருந்தார்கள். கயிறுகள் அறுந்து படகு கவிழ்ந்தது. 28 பேரில் 20 பேர் இறந்தார்கள், அதில் 17 பேர் வர்ஜீனியாவிலிருந்து ஒரே டைவ் கிளப்பாக வந்தவர்கள்.

என் தொழிலில் துறைமுகம் சேர்ந்தால் பாதி நிம்மதி என்று நினைப்போம். சூறாவளியில் அது கணக்கில் வராது. எனவே கேட்க வேண்டிய கேள்வி "படகை எங்கே கட்டுவீர்கள்" அல்ல, "எங்களை எங்கே இறக்குவீர்கள்". எத்தனை மணி நேரம் முன்பு இறக்குவீர்கள், உள்நாட்டில் எந்த ஹோட்டல், வண்டி யார் ஏற்பாடு, செலவு யாருடையது. புயல் எச்சரிக்கை என்று அந்த மையம் அறிவிப்பது காற்று வந்து சேர சுமார் 36 மணி நேரத்துக்கு முன்பு, அதற்கும் 12 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பு வந்துவிடும். அவ்வளவு நேரம் கையில் இருந்தும் பயணிகளைப் படகிலேயே வைத்திருப்போம் என்று பதில் வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.

நீலாங்கரை_மீரா:

நடுவில் நுழைகிறேன். செப்டம்பர் லீவு மாற்ற முடியாது என்றால் நிலநடுக்கோட்டுப் பக்கம் பாருங்களேன். பூமியின் சுழற்சி விசை அங்கே பலவீனம், ஐந்து டிகிரிக்குள் சுழல் உருவாவதே அரிது. மாலத்தீவில் லிவ்அபோர்டுகள் அந்த மாதத்திலும் ஓடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று, கடல் ஆடும், மிதவை உயிர்களால் தண்ணீர் கொஞ்சம் கலங்கல், ஆனால் அவற்றைத் தின்னத்தான் அங்கே பா அடோல் என்ற தீவுக்கூட்டத்தில் மந்தா திருக்கைகள் கூட்டமாக வரும். நமக்கு விசாவும் இறங்கிய இடத்தில். இந்தோனேசியாவின் பாண்டா கடலும் செப்டம்பரில்தான் நன்றாக இருக்கும், கொஞ்சம் தூரம், காசும் அதிகம்.

கொழுந்தனாரை இந்தப் பக்கம் வரச் சொன்னால் மாமியாருக்கும் பிள்ளையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

கலா_திருவான்மியூர்:

மெயில் போட்டேன், இன்று காலை பதில் வந்தது. எச்சரிக்கை வரும் முன்பே துறைமுகம் திரும்பி, பயணிகளை பெல்மோபான் பக்கம் ஹோட்டலுக்கு அனுப்புவோம், அறை வாடகை எங்களுடையது என்கிறார்கள். திருப்பித் தருவது கிடையாது, இழந்த இரவுகளுக்கு அடுத்த பயணத்தில் கழிவு, இரண்டு வருடத்துக்குள். பெல்மோபான் உள்நாடு என்று மேப்பில் பார்த்துக்கொண்டேன். முன்பணம் கட்டப் போகிறோம். ப்ளூ ஹோல் அன்று நான் மேலேயே இருப்பேன், அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைசியாக ஒன்று: ஏதாவது நடந்தால் க்ளெய்முக்கு என்னென்ன காகிதம் கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

பாரிமுனை_சர்வேயர்:

நல்ல பதில்தான் தந்திருக்கிறார்கள். அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

கேப்டன் அல்லது அலுவலகம் எழுதிய கடிதம்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன காரணத்தால் திரும்பினோம் என்று, புயலின் பெயரோடு. படகை விட்டு இறங்கும் முன்பே வாங்குங்கள், ஊருக்கு வந்து கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். விமானம் ரத்தானதற்கு விமான நிறுவனத்தின் சான்று, குறுஞ்செய்தி மட்டும் போதாது என்பார்கள். போர்டிங் பாஸ் துண்டுகள் எல்லாம். நீங்களாகப் போட்ட ஹோட்டல், சாப்பாட்டு பில்கள். டைவ் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவுகளை அழிக்காதீர்கள், எவ்வளவு ஆழம் போனீர்கள் என்ற கேள்வி வந்தால் அதுதான் சாட்சி. க்ளெய்மை அங்கிருந்தே பதிவு செய்து எண் வாங்கி விடுங்கள்.

கம்பெனி மறுத்து, நீங்கள் எழுதிய புகாருக்கு ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மேலே சொன்ன காகிதங்களில் இரண்டு செட் நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.