கைவிட்ட இறால் குட்டையில் உள்ளான் கூடு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தொண்டிக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். இங்கே ஒரு பழைய இறால் பண்ணை சும்மா கிடக்கிறது. 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் மொத்தமும் செத்தது. 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வர, அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கரை உடைந்த ஒரு குட்டையில் மட்டும் ஓதம் (கடல் நீரேற்றம்) ஏறி இறங்குகிறது. அங்கே உமரி என்ற உவர்நிலச் செடி படர்ந்து, அலையாத்திக் கன்றுகள் முழங்கால் உயரம் நிற்கின்றன. போன வாரம் வரப்பின் மேல் பவளக்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவையின் கூடு பார்த்தேன். காய்ந்த உமரிக் குச்சிகள், நடுவே மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை. பறவை தலைக்கு மேல் கத்தியிருக்காவிட்டால் மிதித்தே இருப்பேன்.

பொரிக்க மூன்றரை வாரம் ஆகுமாம். அதுவரை நாய்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சுற்றி வேலி போட்டால் பறவை கூட்டை விட்டுப் போய்விடுமா?

மற்றக் குட்டைகளிலும் கரையை வெட்டி ஓதம் விட நினைக்கிறோம். நிலக்காரரும் சரி என்கிறார். எந்த மாதம் வெட்டலாம், எவ்வளவு அகலம்? கன்று நட வேண்டுமா, தண்ணீரோடு விதை தானாக வந்து சேருமா? காரங்காடு பக்கம் அலையாத்தி நட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். குஞ்சு இறங்கிப் போகும்வரை கரையில் கைவைக்க மாட்டோம்.