எல் நினோ என்றால் வறட்சிதானே, பிறகு எங்கள் மலையில் ஏன் அந்த மழை?

பசறைக்காரன்:
இலங்கை மலையகத்தில், பசறையில் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருபது பேர்ச் காணியில் போஞ்சி போடுகிறேன். 2023இல் எல் நினோ வருகிறது, வறட்சிதான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆடி, ஆவணியில் அப்படித்தான் இருந்தது. மலையூற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. பயந்துபோய்க் கடன் வாங்கித் தண்ணீர்த் தாங்கியும் ஹோஸ் பைப்பும் வாங்கிப்போட்டேன். ஐப்பசி பிறந்ததும் பிடித்தது மழை. தாங்கி நிரம்பி வழிந்தது, பாத்தி மண்ணோடு போய்விட்டது. வானிலை சொன்னவர்கள் பொய் சொன்னார்களா, எனக்குத்தான் விளங்கவில்லையா?

இன்னொன்று. அக்கா நோர்வூட்டில் இருக்கிறாள். ஆனி மாதம் போன் எடுத்தால் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அவள் பேசுவதே கேட்காது. இங்கே நான் புழுதியில் நிற்பேன். ஒரே நாடு, ஒரே கடல்தானே?

அட்டன் வாத்தியார்:
தம்பி, அவர்கள் சொன்னது பொய்யில்லை, பாதிதான். பசிபிக்கில் பெரு நாட்டுப் பக்கத்துக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அப்போது இந்தோனேசியாவுக்கு மேலே எழும்பவேண்டிய மேகக் கூட்டம் கிழக்கே இடம்பெயர்ந்துவிடும். இந்தப் பக்கம் காற்று கீழே அமுங்கும். ஆடி ஆவணியிலும், தை முதல் பங்குனி வரையிலும் நமக்கு மழை குறைவது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். அப்போது ஈரக்காற்று நம் பக்கம் வந்து குவிவதால் எல் நினோ வருடத்தில் பெரும்பாலும் மழை கூடும். ஆடியைப் பார்த்து ஐப்பசிக்குக் கணக்குப் போட்டதுதான் உங்கள் பிழை.

நம் சொந்தக் கடலுக்கும் ஒரு குணம் உண்டு. ஆபிரிக்காப் பக்கம் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் இந்து சமுத்திர இருமுனை நேர்மறை என்பார்கள். அதுவும் நம் ஐப்பசி மழையைக் கூட்டும். 2023இல் இரண்டும் ஒன்றாக வந்தன. 2019இல் எல் நினோவின் துணை பெரிதாக இல்லாமலே இருமுனை தன் வேலையைக் காட்டியது.

அக்காவின் மழைக்கு மலைதான் காரணம். தென்மேல் பருவக்காற்று வட்டவளை, நோர்வூட் இருக்கும் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, இருப்பதையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது அதனால்தான். மலை தாண்டி உங்கள் ஊவாப் பக்கம் இறங்கும்போது அது வெறும் கச்சான், ஈரமில்லாத காய்ந்த காற்று. அந்த வறட்சியில்தான் உங்கள் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது, அதற்காவது சந்தோஷப்படுங்கள்.

மழைமானி:
வாத்தியார் சேர் சொல்வது சரி, ஆனால் பாடம் மாதிரி நேராக நடக்காது. தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் மழை அளந்தவன் நான். காலை எட்டரைக்குப் புனலைத் தூக்குவேன். சில நாள் கொழுந்து இலையும் ஒரு தவளைக் குஞ்சும்தான் இருக்கும். கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணை மட்டத்துக்குக் குனிந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதுவேன். 2016 ஐப்பசிப் பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது: கோடு, கோடு, கோடு, மழையே இல்லை. எல் நினோ முடிந்தது, இனிக் கவலையில்லை என்று எல்லாரும் மூச்சு விட்ட வருடம் அது. இருமுனை எதிர்மறையாகி, லா நினாவும் (எல் நினோவுக்கு எதிர், அந்தப் பசிபிக் கடல் குளிர்வது) தலைகாட்டி, வறட்சி 2017க்குள்ளும் இழுத்துக்கொண்டு போனது.

அதை நம்பி லா நினா என்றால் வறட்சி என்று எழுதிவைக்கவும் முடியாது. 2025 கார்த்திகையிலும் லா நினா, இருமுனையும் எதிர்மறை. டித்வா புயல் வந்து மலையகத்தையே புரட்டிவிட்டது.

அட்டன் வாத்தியார்:
ஒத்துக்கொள்கிறேன். கடலின் சூடு மூன்று மாத மழை கூடுமா குறையுமா என்பதை ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான். எந்த வாரம் எந்தப் புயல் வரும் என்று அதைக் கேட்கக்கூடாது.

பசறைக்காரன்:
அப்படியானால் அடுத்த எல் நினோவுக்குத் தாங்கியும் வேண்டும், மழைத் தண்ணீர் வடிய வடிகாணும் வேண்டும். காணைச் சரிவோடு நேராக வெட்டலாமா?

மழைமானி:
வேண்டாம் தம்பி, தண்ணீர் ஓடுகிற வேகத்தில் அதுவே ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய இறக்கத்தில் வெட்டுங்கள், கரையில் புல்லு வையுங்கள். அடை மழையில் பீலித் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ, சட்டென்று நின்றாலோ, அது மண்சரிவுக்கு அறிகுறி, போஞ்சியைப் பார்க்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லயத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.