இரகசிய நடவடிக்கைக்கு ஆள் பட்டியல்: கிளியரன்ஸ் இருந்தால் எல்லாம் காட்டலாமா?

வெள்ளவத்தைத் தம்பி:
வணக்கம். கொழும்பில் பாதுகாப்புக் கற்கை டிப்ளோமா செய்கிறேன். ஒப்படைக்குக் கற்பனையான ஒரு கடல்வழித் தரையிறக்கம். அதில் ஈடுபடும் படையினரின் கிளியரன்ஸை, அதாவது இரகசியம் பார்க்கத் தரும் பாதுகாப்பு அனுமதித் தரத்தை, எக்செலில் நிர்வகிக்க வேண்டும். தரம் சரியென்றால் ஆவணம் திறக்கும்படி போர்முலா எழுதினேன். இப்போது சமையற்காரருக்கும் தரையிறங்கும் நாள் தெரிகிறது! எங்கே திருத்துவது?

கொட்டாஞ்சேனையான்:
தம்பி, போர்முலாவில் பிழையில்லை, ஒரு நிரல்தான் குறைகிறது. தரம் சொல்வது இவரை நம்பலாம் என்பதை மட்டும். இவருடைய வேலைக்கு இது தேவையா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் கிளியரன்ஸ், கையொப்பமிட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம், வேலைத் தேவை மூன்றும் இருந்தால்தான் ஆவணம் கைக்கு வரும். நாள், இடம், வழங்கல், தொடர்பாடல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் போடுங்கள். பதவியைப் பார்த்து ஆள் சேர்க்க வேண்டாம். ட்ரூமன் உப ஜனாதிபதியாக இருந்தும், அணுகுண்டு விவரம் 1945 ஏப்ரலில் ஜனாதிபதியான பிறகுதான் அவருக்கு முழுதாகச் சொல்லப்பட்டது.

தெஹிவளை அக்கா:
தரையிறக்கம் என்றால், 1944இல் நேச நாடுகள் ஜெர்மனிக்கு எதிராகப் பிரான்சின் நோர்மண்டியில் தரையிறங்கியதைப் பாருங்கள். இடமும் நாளும் அறிந்தவர்களுக்கு 'பிகொட்' என்று தனிப் பட்டியல் இருந்தது. ஏப்ரல் 28 அதிகாலை, இங்கிலாந்துக் கரையோரம் ஒத்திகைக்குப் போன கப்பல்களை ஜெர்மன் டோர்பிடோ படகுகள் தாக்கின. பட்டியலில் இருந்த 10 அதிகாரிகளைக் காணவில்லை. உயிரோடு பிடிபட்டிருந்தால் திட்டமே போச்சு. பத்து உடல்களும் கிடைக்கும்வரை தேடினார்கள். யார் யாரைத் தேடுவது என்று தெரிந்ததே அந்தப் பட்டியலால்தான். ஆகவே இடமாற்றம் போனவரின் நிரையை அழிக்காதீர்கள், நீக்கிய திகதியைப் போட்டு வையுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி:
நன்றி அக்கா. கிளியரன்ஸ் நடுவில் காலாவதியானால்?

தெஹிவளை அக்கா:
புதுப்பிப்பை முன்கூட்டியே தொடங்குங்கள். ஆனால் திகதியை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்காவின் ஜாக் டெஷேரா, விமானத் தேசியக் காவல் படையில் கணினி வேலை பார்த்தவர், கிளியரன்ஸ் இருக்கும்போதே இரகசியங்களை டிஸ்கோர்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் போட்டார். 2023இல் கைது, 2024இல் 15 ஆண்டுச் சிறை. தேவையில்லாததைப் பார்க்கிறார் என்று மேலதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தும் தடுக்கவில்லை. அதனால் 'இடைநிறுத்தம்' என்ற நிரல் கட்டாயம். எச்சரிக்கை வந்த அன்றே அதை நிரப்ப வேண்டும்.

கொட்டாஞ்சேனையான்:
அப்புறம், கற்பனை என்றாலும் தெரிந்த ஆர்மிக்காரரின் உண்மைப் பெயர், முகாம் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோகபூர்வ இரகசியச் சட்டம் இருக்கிறது.