மறு: டிஜிட்டல் மீடியா ரிசீவர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

காரில் பாட்டுக் கேட்க வைக்கும் செட் ஒன்றை ‘டிஜிட்டல் மீடியா ரிசீவர்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘எண்ணிம ஊடகப் பெறுநர்’ என்று வைத்துக்கொள்ளலாமே? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

‘பெறுநர்’ என்றதும் எனக்குப் பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் எல்லாமே ஆட்கள். ஒரு பெட்டிக்கு அந்த விகுதி ஒட்டாது. இன்னொருவர் சொன்ன ‘ஏற்பி’ இதைவிட நல்ல சொல். ஆனால் அதை உயிரியல்காரர்கள் ஏற்கெனவே நரம்புக்கும் நாக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். பேசாமல் ‘ரிசீவர்’ என்றே விட்டுவிடலாம் என்றால், என் அம்மாவுக்கு ரிசீவர் என்பது லேண்ட்லைன் போனில் காதோடு வைத்துப் பேசும் பகுதி.

இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் காரிலும் செட்டை மாற்ற வேண்டி வந்தது. காரோடு வந்த சிடி செட், எந்தத் தட்டைப் போட்டாலும் துப்பிவிடுகிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி கேட்ட முதல் கேள்வி: “சிடி வேணுமாண்ணா, வேணாமா?” வேண்டாம் என்றேன். “அப்போ மெக்லெஸ் பாருங்க” என்று, சிடி சுழற்றும் பொறி இல்லாத செட் ஒன்றை எடுத்து வைத்தார். அதன் அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘டிஜிட்டல் மீடியா ரிசீவர்’ என்று போட்டிருந்தது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: உள்ளே தட்டைச் சுழற்றும் பொறி இருக்கிறதா, இல்லையா. ‘டிஜிட்டல்’ என்ற அடைமொழி அதைச் சொல்லவே இல்லை. சிடி 1982இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே டிஜிட்டல்தான். 1984இல் பயனியர் காருக்குக் கொண்டுவந்த சிடி செட்டும் டிஜிட்டல்தான். மாறாக, நான் வாங்கிய புதுப் பெட்டிக்குள் இருக்கும் எஃப்எம் வானொலி டிஜிட்டல் அல்ல. போனைக் கம்பியால் இணைக்கும் ஆக்ஸ் துளை வழியாக வருவதும் அல்ல. அதனால் ‘டிஜிட்டல்’ என்பதற்கு எண்ணிமமா, இலக்கமுறையா என்று இரண்டு வாரமாக நாம் வாதாடியதை இந்த ஒரு சொல்லுக்காவது நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். விளம்பரத்துக்காக ஒட்டிய அடைமொழியை மொழிபெயர்க்க நாம் உழைக்க வேண்டியதில்லை.

> அப்படியானால் ‘தட்டிலாப் பாட்டுப்பெட்டி’?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இல்லாததை வைத்துப் பெயரிட்டால், அந்த இல்லாத பொருள் மறந்துபோகும்போது பெயரும் பொருளற்றுப் போகிறது. கார் வந்த புதிதில் அதைக் குதிரையில்லா வண்டி என்றார்கள். இன்று யார் சொல்கிறார்கள்? என் மகள் சிடியைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை.

சரி, அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? வானொலி அலை, பென் டிரைவ், புளூடூத்தில் வரும் போன் என்று பல பக்கத்திலிருந்தும் பாட்டை வாங்கிச் சேர்க்கிறது. அதைப் பெருக்கி நான்கு ஸ்பீக்கர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டு வேலைக்கும் நம்மிடம் ஒரே வினை இருக்கிறது. அதனால் என் முன்மொழிவு: ஒலிசேர்ப்பி. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி வரிசையிலேயே வந்து உட்காருகிறது. ‘ஒலிபெருக்கி’ போலவே இதுவும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஆகவே நடுவில் ‘ச்’ வேண்டாம். பல ஒலிகளை ஒரே நேரத்தில் கலக்கும் மிக்சரோடு குழம்பாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குக் ‘கலப்பி’ என்று தனியாக வைத்துவிட்டால் இடிக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், கூடவே வரும் சில சொற்கள். செட்டின் அளவை ‘சிங்கிள் டின், டபுள் டின்’ என்கிறார்களே, அந்த டின் ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். தமிழில் கேட்டால் தகர டின் போல ஒலிக்கிறது. இரண்டுக்கும் அகலம் ஒன்றே, 180 மி.மீ. உயரம்தான் 50, 100 என்று மாறுகிறது. ‘ஒற்றையுயரம், இரட்டையுயரம்’ என்றாலே அளவு புரிந்துவிடும்.

கம்பிகளுக்குப் பெயர் இன்னும் அவசரம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். செட்டை மாட்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சாவியைத் திருகினால், பதிந்து வைத்த நிலையங்கள் ஒன்றுகூட இல்லை. கடிகாரமும் தொடக்கத்துக்குப் போய்விட்டது. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தன. மஞ்சளில் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், நினைவைக் காப்பது அதுதான். சிவப்பில் சாவி போட்டால்தான் மின்சாரம் வரும். மாட்டிக் கொடுத்தவரிடம் ‘கான்ஸ்டன்ட்’, ‘ஆக்சசரி’ என்று விளக்கிப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. “இது எப்பவும் மின், இது சாவி மின்” என்றதும் அரை நிமிடத்தில் மாற்றிவிட்டார். அந்த இரண்டையும் அப்படியே பட்டியலில் சேர்க்கலாம்: எப்போதுமின், சாவிமின். முதலாவது கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் ‘நிலைமின்’ என்று சுருக்க மாட்டேன். அது பள்ளிப் பாடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்தால் வருவது.

வாட்டுக்கும் இரண்டு சொல் தேவை. பெட்டி மேல் ‘50 வாட் × 4’ என்று போடுவது உச்சத்திறன். வண்டி ஓடும்போது வரும் 14.4 வோல்ட்டை 14.4ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 52 வருகிறது, அந்தக் கணக்கு. பாட்டு ஓடும்போது விடாமல் தரக்கூடியது தொடர்திறன். பல செட்டுகளில் அது 20 வாட்டை ஒட்டியே இருக்கும். ஸ்பீக்கர் வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். தமிழில் இரண்டையும் வெறுமனே ‘திறன்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் ஏமாறுவார்.

‘பிரீ அவுட்’டுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒலிசேர்ப்பி ஒலியைத் தன் பெருக்கிக்குள் விடாமல், வெளியே வைத்த தனிப் பெருக்கிக்கு அனுப்பும் வெளிவாய் அது. ‘பெருக்காவாய்’ என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். மின்னணுவியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டியலைச் சரிபார்க்கும்போது சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்